கல்மரமும் கடல்கோளும்: அரியலூர்ப் படிவுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கம்பம் பள்ளத்தாக்கில் புதைபடிவம் கிடையாது. குமுளி அடிவாரத்திலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வரை எந்தப் பாறையை உடைத்தாலும் ஒரு கிளிஞ்சலோ ஒரு இலைத்தடமோ அகப்படாது. எங்கள் பாறைகள் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து வெந்தவை. அவற்றில் 250 கோடி ஆண்டு வரை வயதானவையும் உண்டு. கடைசியாக ஒரு 55 கோடி ஆண்டுக்கு முன்னால் மறுபடியும் வெந்து உருமாறியிருக்கின்றன. ஓடுள்ள உயிர்கள் கடலில் பெருகியது அதற்குப் பிறகுதான். எனவே எங்கள் மலைகளுக்கு உயிர்களைப் பற்றிய ஞாபகம் எதுவுமில்லை.

இந்தப் பாறையை ஊரில் கருங்கல் என்போம். அம்மியும் ஆட்டுக்கல்லும் கோயில் படிக்கட்டும் இதுதான். நிலவியல் பாடப்புத்தகம் இதன் முக்கியமான ஒரு வகையைச் சார்னக்கைட் என்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக வங்காளத்தில் இருந்த ஜோப் சார்னக்கின் கல்லறை கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைப் பலகை சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து போன கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பலகையை வைத்து முழுப் பாறைக் குடும்பத்துக்கும் சார்னக்கின் பெயரைச் சூட்டிவிட்டார். கல்கத்தாவைத் தோற்றுவித்தவர் சார்னக் அல்ல என்று 2003இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சொல்லி, நகரத்தின் வரலாற்றிலிருந்து அவரை இறக்கிவைத்தது. ஆனால் போடி மேற்கு மலையிலிருந்து அவரை யாராலும் இறக்க முடியவில்லை. அங்கே அவர் பாறையாகவே இருக்கிறார்.

அதே பாறைதான் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்குக் காரணமானது. மலைக்கு நடுவே ஒரு குகை, அதற்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் விரிசலற்ற கெட்டிப் பாறை. இதுதான் திட்டம் கேட்டது. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது; அடுத்த ஆண்டே ஒன்றிய அமைச்சகம் மறுபடி அனுமதித்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. அந்தச் சண்டையின் நியாய அநியாயத்துக்குள் இங்கே போகவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: அம்பரப்பர் மலை என்று ஊர்க்காரர்கள் சொன்ன இடத்தை, 'சார்னக்கைட் பாறைத்தொகுதி' என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். இரண்டு பெயர்களும் ஒரு மேடையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளவே இல்லை.

புதைபடிவம் இல்லாத எங்கள் பள்ளத்தாக்கில் பேசுகிற கல் ஒன்று உண்டு, அது நடுகல். வைகைக் கரையில் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்பிராமி எழுத்துள்ள அந்தக் கற்களில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பற்றிச் சொல்கிறது. மாடு பிடிக்கப் போய், அல்லது மாட்டை மீட்கப் போய்ச் செத்த ஒருவனின் பெயர் அதில் இருக்கிறது. சங்க இலக்கியம் வெட்சி, கரந்தை என்று பேசியதற்குக் கல்லிலேயே சான்று வந்தது. நல்லது. ஆனால் மனிதன் எழுதிய கல் மட்டுமே வரலாறு, எழுதாத கல் வெறும் ஜல்லி என்கிற எண்ணம் நம் தமிழ்த் துறைகளில் இன்றும் அழுத்தமாக இருக்கிறது. எழுதாத கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்குள்ளும் சாதி, காலனியம், மொழி, முதலாளியம் எல்லாம் உண்டு. அதைக் காட்ட எங்கள் ஊர்க் கல் போதாது. அரியலூர், பெரம்பலூர், திருவக்கரைக்குப் போகவேண்டியிருக்கிறது.

2

திருச்சிக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை, குளக்காநத்தம் பக்கம் சித்திரை மாத வெயிலில் நடந்தவர்களுக்குப் பாலை என்றால் என்ன என்பதை உரையாசிரியர் துணையில்லாமலே விளக்கலாம். காரையில் மண் செம்பழுப்பாகவும் மஞ்சளாகவும் சாம்பலாகவும் வரிவரியாக அறுந்து கிடக்கிறது. மழை அறுத்த ஓடைகள், அவற்றுக்கிடையே கூன்விழுந்த மேடுகள், நிழலுக்கு வேலிக்கருவை மட்டும். களிமண் வெடிப்புகளில் ஜிப்சம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். கீழே குனிந்தால் விரலளவு நீண்டு நுனி கூர்த்த கற்கள். அவை பெலம்னைட்டுகள், கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடலுயிரின் உள்ளெலும்பு. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டு கிடப்பது அம்மொனைட்டு. சுறாப் பல்லும் கிடைக்கும். இங்கிருந்து இன்றைய கடற்கரை நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இந்த இடத்துக்குக் கடல் வந்த கதை இதுதான். கோண்டுவானா என்று நிலவியலாளர் சொல்லும் பெருநிலம் உடைந்தபோது இந்தியத் துண்டின் கிழக்கு விளிம்பு அண்டார்டிகாவிடமிருந்து பிய்ந்தது. பிய்ந்த விளிம்பு தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன்னால் கடல் ஏறியது. ஏறியும் இறங்கியும் மறுபடி ஏறியும் விட்டுச்சென்ற வண்டல்தான் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அடுக்கிக் கிடக்கிறது. அதற்கும் மேலே நின்னியூர்ப் படிவு. கல்லமேட்டுக்கும் நின்னியூருக்கும் நடுவே எங்கோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முந்திய எல்லை ஓடுகிறது. அந்த எல்லைக்குக் கீழே டைனோசரும் அம்மொனைட்டும் உண்டு. மேலே போனால் இரண்டும் இல்லை. உலகத்தில் ஓர் உயிரினப் பேரழிவை இப்படி ஊர்ப் பெயர்களைக் கொண்டே சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது பாலை என்பது ஒரு நிலத்துக்குக் காலம் செய்கிற வேலை. எம்.ஏ. வகுப்பில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். பொழுது என்றால் ஆறு பெரும்பொழுது, ஆறு சிறுபொழுது, அத்தோடு முடிந்தது. காரையில் நின்றால் அந்தப் பொழுது என்ற சொல் கோடிக்கணக்கில் விரிகிறது. இந்தப் பாலை முன்பு நெய்தலாக இருந்தது. கூற்று அணியழகுக்காகச் சொல்லப்பட்டதல்ல. காலில் இடறுகிற கிளிஞ்சல்தான் சாட்சி.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சுருள்கல் ஒன்றைக் காட்டி இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். "நத்தைதான் தம்பி. கடல் இருந்துச்சாம்ல இங்க. காலேசு வாத்தியாருங்க பசங்கள வேன்ல கூட்டியாந்து சாக்கு சாக்கா பொறுக்கிட்டுப் போறாங்க. என்னான்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்றதில்ல. நாங்களா கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது" என்றார். ஆட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "மயிலு, உடும்பு, நரி எல்லாம் இந்த ஓடையிலதான் கெடக்குது. அதுவ ஒண்ணையும் எடுத்துக்கிட்டுப் போறதில்ல. கல்லத்தான் எடுக்குதுவோ."

இந்தப் பேச்சில் ஒரு முழு விமரிசனம் இருக்கிறது. அறிவு இங்கிருந்து சாக்கில் கிளம்புகிறது. திரும்பி வருவதில்லை.

3

சாக்கு மூட்டை புதிதல்ல. 1840களின் தொடக்கத்தில் சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரிகளான சி. டி. கே, புரூக் கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் புதைபடிவம் திரட்டி லண்டன் நிலவியல் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை வகைப்படுத்தி 1846இல் வெளியிட்டார். தென்னிந்தியாவில் கிரிட்டேஷியஸ் காலக் கடல் இருந்தது என்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இறங்கியது. ஹென்றி பிளான்ஃபோர்டு தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களை அளந்து 1862இல் எழுதிய நூலில்தான் மேலே சொன்ன மூன்று தொகுதிகளும் பிறந்தன. கிடைத்த உயிரிகளை விவரிக்கும் பெரும்பொறுப்பு மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவிடம் போனது. கல்கத்தாவில் உட்கார்ந்து 1873 வரை தொகுதி தொகுதியாக அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் இறந்துபோனார். 36 வயது. வார்த் என்பவர் திரட்டியவற்றை வியன்னாவில் கோஸ்மாட் 1895 முதல் விவரித்தார்.

இந்த மனிதர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மாட்டுவண்டியிலும் குதிரையிலும் போய், காய்ச்சலில் விழுந்து எழுந்து செய்த வேலை. காலனிய அறிவு என்று ஒரு முத்திரை குத்திவிட்டு நகர்ந்துபோவது நம்மிடையே இப்போது சுலபமான வழக்கமாகிவிட்டது. பிளான்ஃபோர்டின் மூன்று தொகுதிகள் இன்றைக்கும் நிற்கின்றன என்றால் அவர் பார்த்தது சரியாகத்தான் இருக்கிறது. கேள்வி வேறு. யார் கல்லைக் காட்டினார்கள்? யார் தோண்டினார்கள்? யார் தலையில் சுமை வந்தது? இந்த ஊர்களில் வெயிலில் நின்று கல் பொறுக்கிய கூலியாட்கள் இல்லாமல் ஒரு தொகுதியும் வந்திருக்க முடியாது. அறிக்கைகளில் கண்டுபிடித்தவர் பெயரும் விவரித்தவர் பெயரும் கிடைக்கும். கூலியாள் பெயர் கிடைக்காது. நடுகல்லில் மாடு பிடிக்கப்போன ஒருவனுக்குக் கிடைத்த இடம்கூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் இந்த ஆவணத்துக்குள் ஒரு விநோதம் நடந்திருக்கிறது. பாறை அடுக்குகளுக்கு அவை வெளித்தெரியும் ஊரின் பெயரை வைப்பது நிலவியல் மரபு. அதனால் காரை, மருவத்தூர், ஆனைப்பாடி, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் என்று குக்கிராமங்கள் வியன்னாவிலும் டோக்கியோவிலும் உச்சரிக்கப்படுகின்றன. வருவாய்த்துறையின் வரைபடத்தில் இந்த ஊர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. திருச்சி மாவட்டம் பிரிந்து பெரம்பலூர், அதிலிருந்து 2001இல் அரியலூர், அடுத்த ஆண்டே அது மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மீண்டும் அரியலூர். பாறை வரைபடத்தில் மட்டும் கல்லங்குறிச்சி கல்லங்குறிச்சியாகவே இருக்கிறது. இதில் வேடிக்கை, கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு கல்கம்பம்தான். உருவம் செதுக்காத கல்லைத் தெய்வமாக வைத்திருக்கிற ஊரின் பெயரை, மனிதக் கை படாத கல்லின் அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். யாரும் யோசித்துச் செய்த பொருத்தமில்லை.

4

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பிளான்ஃபோர்டின் வரைபடம் நம் நிலத்துக்கடியில் ஒரு கடலைக் காட்டிய அதே பத்தாண்டுகளில் தமிழறிவாளர்கள் எந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்துக்கு உறவான பிராணிகள் இருப்பதை விளக்க, நடுவே மூழ்கிப்போன ஒரு நிலத்தைக் கற்பித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். எர்ன்ஸ்ட் ஹெக்கெல் அதை மனித இனத்தின் தொட்டிலாக்கினார். 1875இல் நமது ஹென்றி பிளான்ஃபோர்டே, தாவரப் படிவுகளின் ஒற்றுமையை வைத்து இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு இந்தியப் பெருங்கடல் கண்டம் இருந்தது என்று எழுதினார். அரியலூரை அளந்த கைதான் லெமூரியாவுக்கும் செங்கல் எடுத்துக்கொடுத்தது.

தமிழில் அந்தச் செங்கல்லுக்காக ஒரு அஸ்திவாரம் ஏற்கெனவே காத்திருந்தது. இறையனார் களவியல் உரையின் முச்சங்கக் கதை, கடல்கொண்ட பஃறுளி, அடியார்க்குநல்லார் கணக்கிட்ட நாற்பத்தொன்பது நாடு. இரண்டும் சேர்ந்தபோது குமரிக்கண்டம் எழுந்தது. பரிதிமாற் கலைஞர் தொடங்கி மறைமலையடிகள், தேவநேயப் பாவாணர், கா. அப்பாத்துரை வரை ஒரு நூற்றாண்டுச் சொல்லாடல் அதன்மேல் கட்டப்பட்டது. ஆரிய மேன்மை பேசிய வரலாற்றுக்கு எதிராக ஒடுக்கப்பட்ட ஒரு மொழி தனக்கென ஒரு தொல்பழமையைக் கோரியது என்ற அளவில் அதன் அரசியலை நான் புரிந்துகொள்கிறேன். சுமதி ராமசாமி 2004இல் எழுதிய நூலில் இழப்பு என்ற உணர்வு எப்படி ஒரு நிலப்படமாக மாறியது என்று விரிவாகவே காட்டியிருக்கிறார்.

ஆனால் கடலுக்கடியில் போன நிலத்துக்காக அழுத நாம், நிலத்துக்கடியில் இருந்த கடலை ஏன் பார்க்கவில்லை? இதை ஒரு வசைக்காகக் கேட்கவில்லை. 1960களில் நிலத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றபோது, மூழ்கிய கண்டம் என்ற கருதுகோளுக்கு நிலவியலில் தேவையில்லாமல் போயிற்று. நிலங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன. லெமூர்களைச் சுமந்தது பாலமல்ல. அப்படி நகர்ந்ததற்கான நல்ல சாட்சியங்களில் ஒன்று நம் காவிரி வடகரையில் கிடக்கிறது. அதைத் தமிழ் வாசகனுக்குச் சொல்ல ஒரு பாவாணர் வரவில்லை. ஏனென்றால் அரியலூர்க் கடலில் தமிழன் இல்லை. யாருமே இல்லை. மனித இனத்துக்கு ஆனமட்டும் மூன்று லட்சம் ஆண்டு. அரியலூர்க் கடல் வற்றி ஆறு கோடி ஆண்டு. பெருமிதத்துக்கு உதவாத பழமை நமக்கு வேண்டியிருக்கவில்லை. 'கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்குக் கல் தோன்றிய காலம் எது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையில் மண் எடுக்கும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று ஊர் திரண்டது. தொலைக்காட்சிகள் ஓடின. வந்து பார்த்த நிலவியலாளர்கள் அவை முட்டையல்ல, அம்மொனைட்டுகளும் கனிமம் திரண்ட உருண்டைகளும் என்றார்கள். கூட்டம் கலைந்தது. அம்மொனைட்டு என்றால் என்ன என்று யாரும் நின்று கேட்கவில்லை. 180 ஆண்டாகச் சாக்கில் கல்லை எடுத்துப்போய், ஒரு வரி அறிவைத் திருப்பிக் கொடுக்காத இடத்தில் வதந்திதான் பாடப்புத்தகம்.

5

திருவக்கரைக்கும் வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில், செம்பியன் மாதேவி கட்டிய சந்திரமௌலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 250 ஏக்கரில் கல்மரங்கள் கிடக்கின்றன. 1781இல் பிரெஞ்சுக்காரர் சொன்னேரா இவற்றைக் குறித்தார். இன்று நிலவியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள். வேரும் கிளையும் இல்லாமல் அடிமரம் மட்டும் படுத்துக் கிடப்பதால், இவை இங்கே வளர்ந்தவையல்ல, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று முடிவு செய்திருக்கிறார்கள். புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, ஒவ்வொரு திசுவறையாக நிரப்பி இறுகியது. மரம் அழிந்து அதன் வடிவம் கல்லில் நின்றது. ஆண்டு வளையம், முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கும். புளி, ஆமணக்குக் குடும்பங்களுக்கு உறவான மரங்களும் உண்டு என்கிறார்கள். பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூர்க் கல்மரம் இதைவிட மிகப் பழையது. 18 மீட்டர் நீளம். 1940இல் அதை உலகறியச் செய்தவர் தஞ்சாவூர்க்காரரான எம். எஸ். கிருஷ்ணன். பின்னாளில் நிலவியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்திய இயக்குநர் ஆனவர்.

திருவக்கரைக் கல்மரங்களை வக்கிராசுரனின் எலும்பு என்று ஊரில் சொல்வதுண்டு. பெருமாள் அசுரனைக் கொன்றார், எலும்பு சிதறியது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நமக்கெல்லாம் பழக்கம். சற்று நின்று பார்த்தால், இந்தக் கதை மூன்று விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது: இவை ஒரு காலத்தில் உயிருள்ளவை, அந்த உயிர்கள் இப்போது இல்லை, ஏதோ ஒரு பெருஞ்சக்தி இவற்றை இங்கே கொண்டுவந்து சிதறடித்தது. பிசகியது தாவரமா விலங்கா என்பதில்தான். கூடவே கதை ஒரு சாதி வேலையும் செய்கிறது. தோற்றவன் எலும்பு ஊருக்கு வெளியே, வென்றவன் கோயிலுக்குள்ளே. அசுரன் என்று யாரைச் சொன்னார்கள் என்ற கேள்வியை அயோத்திதாசர் படித்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

மரத்தை எலும்பென்று கொள்கிற குழப்பம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1980களின் இறுதியில் விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். காலெலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. கணக்கு சரியென்றால் பூமியில் நடந்த மிகப் பெரிய உயிர்களில் ஒன்று. ஆனால் வெளியான கோட்டோவியங்களைப் பார்த்த வெளிநாட்டு ஆய்வாளர் சிலர் இது எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கலாம் என்றார்கள். சரிபார்க்கலாமென்றால் எலும்பு இல்லை. மழையும் ஈரமும் தின்று அது உதிர்ந்துபோனது என்று 2017இல் எழுதப்பட்டது. 2022இல் பாலும் அய்யாசாமியும் பழைய புகைப்படங்களை வெளியிட்டு அது எலும்புதான் என்று வாதிட்டார்கள். அசுரனா மரமா என்ற திருவக்கரைக் கேள்வியைத்தான் ஆய்விதழ்கள் முப்பது ஆண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தன. ஃபோர்ப்ஸ் விவரித்த கிளிஞ்சல் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. நாமே கண்டெடுத்த பேருயிர் மண்ணாகப் போயிற்று. காலனியத்தைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாத இடம் இது.

இதே இருவர் 1979இல் பெயரிட்ட இன்னொன்று திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. திராவிட நாட்டுக்கு ஒரு டைனோசர்! அடைமொழியில் பிளான்ஃபோர்டு. அது டைனோசரே அல்ல, கடல்வாழ் ஊர்வன என்று 1996இல் சாட்டர்ஜியும் ருத்ராவும் மறுத்தார்கள். அந்த மறுப்புக்கும் மறுப்பு வந்திருக்கிறது. திராவிடம் என்பது இருந்ததா, இருந்தால் எந்த வகை என்ற விவாதம் பாறைக்குள்ளும் நடப்பதை நம் அரசியல் மேடைகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

6

கடைசியாகச் சிமெண்ட். கல்லக்குடி என்றால் தமிழ்நாட்டில் 1953 ஜூலை 15 ஞாபகம் வரும். தண்டவாளத்தில் தலைவைத்த போராட்டம், கருணாநிதி கைது. 1939இல் வந்த சிமெண்ட் ஆலையின் முதலாளி பெயரால் டால்மியாபுரம் என்று ஆகிவிட்ட ஊருக்குப் பழைய பெயரைக் கேட்ட போராட்டம் அது. பெயர் பின்னால் மீண்டது. அந்த ஆலை எதற்காக அங்கே வந்தது என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்திய பவளப் பாறையும் பாசியும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சிப்பி மேல் சிப்பியாக அடுக்கிய படுகை. கடலுயிர்கள் தங்கள் உடம்பால் கட்டிய கல்லைத்தான் சூளையில் சுட்டு மூட்டையாக்குகிறோம். நாம் குடியிருக்கும் கான்கிரீட்டில் பாதி, செத்த கடல்.

இன்னொரு கசப்பும் உண்டு. ரயில் நிலையப் பலகையில் கல்லக்குடி வந்துவிட்டது. நிலவியல் நூல்களில் அந்தப் பாறை அடுக்கின் பெயர் இன்றும் டால்மியாபுரம் உருவாக்கம்தான். எங்கள் மலையில் சார்னக், அவர்கள் பாறையில் டால்மியா. தண்டவாளத்தில் படுத்துப் பலகையை மாற்றலாம். பாறையின் பெயரை மாற்ற அந்தத் துறைக்குள் நம் ஆட்கள் நம் மொழியோடு போயிருக்க வேண்டும்.

1979இல் அரசே அரியலூரில் சிமெண்ட் ஆலை தொடங்கியது. தனியார் ஆலைகள் பல சுற்றிலும் வந்தன. சுரங்கப் பள்ளம் வெட்டும்போதுதான் புதிய படிவுகள் வெளித்தெரிகின்றன என்பதும் உண்மை. வெட்டி முடித்தபின் அவை இல்லாமல் போகின்றன என்பதும் உண்மை. ஆய்வாளனுக்குச் சுரங்கம் ஜன்னல். நிலத்தை விற்றுவிட்டு லாரிப் புழுதியில் குடியிருக்கிறவனுக்கு அது குழி. பள்ளத்தில் நீர் ஊறி, கிணறு வற்றி, சாலையில் ஆள் செத்து, அதன்பிறகு கிடைக்கும் வேலையும் ஒப்பந்தக் கூலி. கல்லின் பெயரால் பேசுகிறவர்கள் இந்த மனிதர்களை விட்டுவிட்டுப் பேசினால் அது இன்னொரு சாக்கு மூட்டைதான்.

மனிதக் கை பட்ட கல்லுக்கு 1972இன் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. மனிதருக்கு முந்திய கல்லுக்குத் தனிச் சட்டமில்லாமலே நாடு நெடுங்காலம் ஓடியது. 2022 டிசம்பரில் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் புவிமரபு இடங்களுக்கான ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. அதிலும் இடத்தை அறிவிப்பது, நிலம் எடுப்பது, ஆய்வுக்கு அனுமதிப்பது எல்லாம் ஒன்றிய அரசிடமும் நிலவியல் ஆய்வுத்துறையிடமும் குவிந்தன. சுரங்கத்துக்கு உரிமம் பார்க்கும் அதே அமைச்சகம் படிவுகளுக்கும் காவலன் என்றால் ஆட்டுக்கு யார் காவல் என்று அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

அரியலூர் பக்கத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறையும்போது வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வந்து இறங்குகின்றன. காரையில் கடலை ஏறவிட்ட அதே நிலத்துண்டு வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதித்தான் இமயம் எழுந்தது. ஏரியில் நிற்கும் பறவையும் ஓடையில் கிடக்கும் பெலம்னைட்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள். பறவைகளைக் காக்க அந்த ஊர்ச் சனங்களின் ஒத்துழைப்பு வேண்டுமென்று வனத்துறைக்குத் தெரிந்திருக்கிறது. கல்லுக்கும் அதுவே பொருந்தும்.

வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் கட்டடத்தோடு நின்றுவிடக் கூடாது. காரையிலும் குன்னத்திலும் கல்லமேட்டிலும் உள்ள ஒவ்வொரு பஞ்சாயத்துப் பள்ளியிலும் அந்த ஊர்க் கல் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். அதன் வயதும் அது எந்த உயிர் என்பதும் தமிழில் எழுதியிருக்க வேண்டும். வெளியிலிருந்து எடுக்க வருகிறவர்கள் கிராமசபையில் என்ன எடுக்கிறோம் என்று சொல்லி, முடிவு தெரிந்தபின் திரும்பிவந்து சொல்ல வேண்டும். கண்டுபிடித்துக் காட்டிய ஆடு மேய்ப்பவரின் பெயர் அறிக்கையில் வர வேண்டும். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. தமிழ்த் துறைகளுக்கும் ஒரு வேலை உண்டு: ஊட்டத்தூர் முதல் நின்னியூர் வரை மக்கள் இந்தக் கற்களை என்னென்ன சொல்லி அழைக்கிறார்கள், என்னென்ன கதை சொல்கிறார்கள் என்று தொகுக்கலாம். பஃறுளியாற்றைத் தேடிய உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும்.